ஆடிப்பூரத்துக்கு முந்தைய ரிப்போர்ட்

அம்மா அந்த வருடம் ஆண்டாள் தேர் பார்க்கப் போகாததற்குக் காரணம் நான்தான். அவளுக்கு அன்றைக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது, டாக்டரும் போகலாம் என்றுதான் சொன்னார். ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நானாகப் போட்ட கணக்கு தடுத்தது. இதை யாரிடம் சொன்னாலும், "நல்லது நெனச்சுத்தானே செஞ்சே, விடு" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது முடியமாட்டேன் என்கிறது. வீட்டில் யாருக்காவது அம்மாவுக்கு வந்த நுரையீரல் புற்றுநோய் இருந்து, ராத்திரி ஒரு மணிக்கு ரிப்போர்ட்டில் உள்ள எண்களைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவர் இதைப் படிக்கக்கூடும் என்ற எண்ணத்தில்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 62 வயது. பீடி, சிகரெட், வெற்றிலை எதுவும் கிடையாது. இரண்டு மாதமாக விடாத இருமல், அப்புறம் இடது பக்கம் நுரையீரலைச் சுற்றி நீர், அந்த நீரை எடுத்துச் சோதித்ததில் அடினோகார்சினோமா, நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை. பெட் ஸ்கேனில் முதுகெலும்பிலும் இருந்தது, ஆக ஸ்டேஜ் 4, வேறு இடத்துக்கும் பரவிவிட்ட நிலை. கட்டியின் மரபணுவில் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்ற மாற்றங்கள் இருந்தால் மாத்திரையிலேயே நிறைய நாள் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அந்த முடிவுகளுக்காகப் பரீட்சை ரிசல்ட் போலக் காத்திருந்தோம். இரண்டும் இல்லை என்று வந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோய்க்கு எதிராகத் தூண்டிவிடும் இம்யூனோதெரபிக்கு அவர்கள் சொன்ன தொகை, வீட்டை விற்றால்கூட ஒரு வருடத்துக்குத் தாங்காது. அதனால் கார்போபிளாட்டின், பெமெட்ரெக்ஸெட் என்ற இரண்டு கீமோ மருந்துகளும் நான்கு முறை, அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெமெட்ரெக்ஸெட் மட்டும்.

அம்மாவுக்கு இன்னும் எவ்வளவு நாள் என்று நான் டாக்டரிடம் கேட்டேன். "மொதல்ல மருந்துக்கு எப்படிக் கேக்குதுன்னு பாப்போம்மா" என்றார். அது நேர்மையான பதில் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அது பதிலாகவே படவில்லை. டாக்டர் சொல்லாததை ரத்தம் சொல்லும் என்று நம்பி ஒரு எக்ஸல் ஷீட்டைத் திறந்தேன்.

எக்ஸல் ஷீட்

வரிசைக்கு ஒரு தேதி. மொத்த வெள்ளை அணுக்கள், அவற்றில் நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் என்ற இரண்டு வகை, எல்டிஎச், ஆல்புமின் என்கிற ரத்தப் புரதம், அழற்சியைக் காட்டும் சிஆர்பி, கட்டிக்கு அடையாளமாகப் பார்க்கும் சிஇஏ. நான் கணக்குப் பிள்ளையாகவே வேலை பார்ப்பவள் என்பதால் இது எனக்குக் கைவந்த வேலை. படிக்கப் படிக்க ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு நியாயம் இருப்பது தெரிந்தது, அதுதான் என்னை இழுத்துக்கொண்டு போனது. நியூட்ரோஃபில் என்பது அழற்சி உள்ள இடத்துக்கு முதலில் ஓடுகிற அணு. லிம்ஃபோசைட் புற்றுநோய்ச் செல்லை அடையாளம் கண்டு கொல்லக்கூடிய கூட்டம். கட்டி உடம்பை ஓயாத அழற்சியில் வைத்திருந்தால் முதலாவது ஏறும், இரண்டாவது இறங்கும். அதனால் சிபிசி என்கிற சாதாரண ரத்த அணு எண்ணிக்கை ரிப்போர்ட்டிலிருந்தே இந்த இரண்டின் விகிதத்தைப் போட்டுப் பார்த்து, அது கூடுதலாக இருப்பவர்கள் சராசரியாகக் குறைந்த நாள் வாழ்கிறார்கள் என்று பல நாடுகளில், பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். எல்டிஎச் ஒரு நொதி. புற்றுநோய்ச் செல்கள் ஆக்ஸிஜன் இருக்கும்போதுகூடச் சர்க்கரையை நொதிக்கவைத்தே பெருமளவு சக்தி எடுக்கின்றன. 1920களில் ஓட்டோ வார்பர்க் கண்டு சொன்ன விஷயம் அது. அந்த வேலையில் இந்த நொதிக்குப் பங்கு உண்டு. செல்கள் உடையும்போது அது ரத்தத்தில் கசியும். கட்டியின் சுமை கூடினால் இதுவும் கூடும்.

2018இல் பிரான்ஸில் குஸ்தாவ் ரூஸி மருத்துவமனையை மையமாகக் கொண்ட குழு ஒன்று இந்த இரண்டையும் சேர்த்து நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு குறியீடு வெளியிட்டது, சுருக்கமாக லிப்பி என்பார்கள். கணக்கு மிகச் சுலபம். நியூட்ரோஃபிலை மற்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையால் வகுத்தால் 3க்கு மேல் வருகிறதா, ஒரு புள்ளி. எல்டிஎச் லேபின் உச்ச வரம்பைத் தாண்டுகிறதா, இன்னொரு புள்ளி. பூஜ்யம் என்றால் நல்லது, 1 நடுத்தரம், 2 மோசம். அவர்களுடைய முதல் குழு நோயாளிகளில் இடைநிலை ஆயுள் முறையே 34, 10, 3 மாதங்கள். காசு செலவில்லாமல், ஸ்கேன் இல்லாமல், எல்லாருக்கும் எடுக்கிற ரத்தத்திலிருந்தே இப்படி ஒரு பதில் கிடைக்கிறது என்பதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவின் முந்தைய ரிப்போர்ட்களை எல்லாம் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நியூட்ரோஃபில் 66 சதவீதம், மற்றவை 34, வகுத்தால் 2க்குக் கீழே. எல்டிஎச் வரம்புக்குள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அந்தக் கட்டங்களுக்குப் பச்சை நிறம் கொடுத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எடுத்த ரத்தம்

பெமெட்ரெக்ஸெட் ஏற்றுவதற்கு முந்தைய நாள், அன்று, மறுநாள் என்று மூன்று நாளும் காலையும் ராத்திரியும் டெக்ஸா என்ற ஸ்டீராய்டு மாத்திரை உண்டு. தோலில் தடிப்பு வராமல் இருக்க. கீமோ திங்கட்கிழமை என்பதால் வழக்கமாகச் சனிக்கிழமை காலை லேபுக்குப் போய் ரத்தம் கொடுப்போம். அந்த ஜூலையில் சனிக்கிழமை எனக்கு ஆபீஸில் தணிக்கை, அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கே ஆளை வரச் சொன்னேன். ஒரு தம்பி ஸ்கூட்டரில் வந்தான். அம்மாவுக்கு அதற்குள் நரம்பெல்லாம் சுருங்கிப்போயிருந்தது. இரண்டு இடத்தில் குத்தி, மூன்றாவதாகப் புறங்கையில் சின்ன ஊசி போட்டு இழுத்து இழுத்து எடுத்தான். "வலிக்குதாம்மா?" என்று அவன் கேட்க, "நீ எடுப்பா, எனக்கொண்ணும் இல்ல" என்று அம்மா அவனைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

ராத்திரி பத்து மணிக்குப் போனில் ரிப்போர்ட் வந்தது. வெள்ளை அணுக்கள் 11,800. நியூட்ரோஃபில் 84 சதவீதம். எல்டிஎச் 398, வரம்பு 225. 84ஐ 16ஆல் வகுத்தேன், 5.25. இரண்டு புள்ளி. மூன்று மாதம்.

சமையலறையில் நின்றுகொண்டுதான் பார்த்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து அடங்கியது, அணைக்கத் தோன்றவில்லை. மறுநாள் டாக்டர் அதே ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, பொட்டாசியத்தை மட்டும் இன்னொரு தடவை எடுக்கச் சொன்னார். முந்தைய நாள் 5.7 என்றிருந்தது, இப்போது 4.3 வந்தது, கீமோ ஏற்றலாம் என்று எழுதிவிட்டார். நான் நியூட்ரோஃபிலைக் காட்டி ஏதோ கேட்டேன். "அது பரவால்லம்மா" என்றார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் முப்பது பேர் இருந்தார்கள். அவர் என்னிடம் மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், ரத வீதியில் உள்ள வீடு. தாத்தா போன பிறகு மாமா அங்கே இருக்கிறார். கல்யாணமாகி மதுரைக்கு வந்து 40 வருடத்தில் அம்மா ஆடிப்பூரத் தேரைத் தவறவிட்டது இரண்டே முறை, நானும் தம்பியும் பிறந்த வருடங்கள். அந்தத் திங்கட்கிழமைக்குப் பன்னிரண்டாம் நாள் தேர். மாமா போன் பண்ணி, "அக்காவைக் கூட்டிட்டு வா, மொட்டை மாடியில நாற்காலி போட்டு வெச்சிருக்கேன், கீழ எறங்கவே வேணாம்" என்றார். டாக்டரிடமும் அம்மாவே கேட்டுவிட்டாள். மாஸ்க் போட்டுக்கொண்டு, கூட்டத்துக்குள் இறங்காமல் மாடியிலிருந்து பார்த்துவிட்டு வரலாம் என்று சொன்னார். 75 கிலோமீட்டர், காரில் இரண்டு மணி நேரம். அம்மா பட்டுப்புடவைக்கு ஜாக்கெட் பிடிக்கக் கொடுத்திருந்தாள், உடம்பு இளைத்திருந்ததால்.

நான் முடியாது என்றேன். உள்ளுக்குள் ஏதோ ஆரம்பித்துவிட்டது, அதற்குத்தான் அணுக்கள் ஏறியிருக்கின்றன, இந்த நேரத்தில் அலைச்சலும் கூட்டமும் ஒரு தொற்றும் சேர்ந்தால் அந்த மூன்று மாதம்கூட இல்லை என்று என் கணக்கு. அதை அவளிடம் சொல்லவும் முடியாது. அதனால் "வெயிலு, வேணாம்மா, அடுத்த வருஷம் போலாம்" என்றேன். அடுத்த வருடம் என்ற வார்த்தையை நான் நம்பாமல் சொன்னேன். அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி பாப்பா" என்று எழுந்து போய் ஜாக்கெட்டைப் பீரோவில் வைத்தாள்.

தேரன்று மாமா வீடியோ கால் போட்டார். படம் நின்று நின்று வந்தது. வடம் பிடிக்கிறவர்களின் கோவிந்தா கோபாலா மட்டும் தெளிவாகக் கேட்டது. அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, தேர் எந்த வீதி திரும்புகிறது என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தேன். மதியம் அவள் நன்றாகச் சாப்பிட்டாள். ரசம் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டாள். அதைப் பார்க்கத் தெரிந்த கண் அன்றைக்கு எனக்கு இல்லை.

லேபில் இருந்த டாக்டரம்மா

அடுத்த கீமோவுக்கு முன்னால், வழக்கம்போலச் சனிக்கிழமை காலை, டெக்ஸா ஆரம்பிப்பதற்கு முன் ரத்தம் கொடுத்தோம். நியூட்ரோஃபில் 63 சதவீதம். எல்டிஎச் 198. மறுபடி பூஜ்யம். சந்தோஷப்படுவதற்குப் பதிலாக எனக்குக் கோபம் வந்தது. இரண்டில் ஒன்று தப்பு, எது தப்பு என்று கேட்கலாம் என்று இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு லேபுக்கே போனேன். அங்கே நோய்க்குறியியல் டாக்டரம்மா ஒருவர் இருந்தார், ஐம்பது வயது இருக்கும். உட்காரச் சொன்னார். பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அன்னிக்குக் காலைல டெக்ஸா போட்டாங்களா?" என்பதுதான்.

போட்டிருந்தாள். அவர் நிதானமாக விளக்கினார். நம் நியூட்ரோஃபில்களில் பெரும் பங்கு ரத்தத்தோடு ஓடாமல் ரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், சிபிசி எண்ணுவது ஓடுகிறவற்றை மட்டும். ஸ்டீராய்டு உள்ளே போன சில மணி நேரத்தில் சுவரில் இருப்பவை கழன்று ஓட ஆரம்பிக்கும், எலும்பு மஜ்ஜையிலிருந்தும் புதியவை வரும். லிம்ஃபோசைட்கள் அதே நேரத்தில் ரத்தத்தை விட்டு ஒதுங்கும். விகிதம் ஒரே நாளில் தாவும். நோய் ஒரு அங்குலம்கூட நகர்ந்திருக்காது. "சரி, எல்டிஎச்?" என்றேன். அவர் விரலை ரிப்போர்ட்டின் அடியில் வைத்தார். சின்ன எழுத்தில் ஒரு வரி, மாதிரியில் சிவப்பணுக்கள் லேசாக உடைந்திருக்கின்றன என்று. நான் அதைப் படிக்காமல் இல்லை, படித்துவிட்டுத் தாண்டிப்போயிருந்தேன். சிவப்பணுவுக்குள் எல்டிஎச் ரத்த நீரில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். நரம்பு கிடைக்காமல் மெல்லிய ஊசியில் இழுத்து எடுத்தாலோ, டியூப் வழியில் குலுங்கினாலோ, அணுக்கள் உடைந்து அது வெளியே கொட்டிவிடும். பொட்டாசியமும் அப்படியே. "பாருங்க, பொட்டாசியம் 5.7. அதுக்குத்தான் உங்க டாக்டர் அதை மட்டும் திரும்ப எடுக்கச் சொல்லிருக்கார்" என்றார். அப்புறம், என் முகத்தில் என்ன பார்த்தாரோ, குரலைத் தணித்துக்கொண்டு, "நீங்க பாத்தது அம்மாவோட நோயை இல்லம்மா. ஒரு மாத்திரையையும் ஒரு ஒடஞ்ச சாம்பிளையும்" என்றார்.

தேர் முடிந்து பத்து நாளாகியிருந்தது.

வீட்டுக்கு வந்து அந்த 2018 ஆய்வை மறுபடி, இந்த முறை முழுதாகப் படித்தேன். அதில் எடுத்த ரத்தம் சிகிச்சை தொடங்குவதற்கு முந்தையது, நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தது இல்லை. அந்த 34, 10, 3 என்ற எண்கள் இம்யூனோதெரபி எடுத்தவர்களுடையவை. கீமோ மட்டும் எடுத்த குழுவையும் ஒப்பிட்டிருந்தார்கள், அவர்களிடம் அந்தக் குறியீடு இப்படிப் பிரித்துக் காட்டவில்லை என்று அதிலேயே எழுதியிருந்தது. (அடுத்த வருடம் பல மருந்துச் சோதனைகளைத் தொகுத்து வந்த ஆய்வில் எந்தச் சிகிச்சையானாலும் அது பொருந்துகிறது என்று வந்தது, ஆகக் குறியீட்டின் மேல் குற்றம் இல்லை.) இடைநிலை ஆயுள் மூன்று மாதம் என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டியவர்கள் என்றுதான் பொருள். ஒரு கூட்டத்தைப் பற்றி, அடுத்த சோதனைக்கு யாரைச் சேர்ப்பது என்று முடிவெடுக்க, டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட பேச்சு அது. நான் அதை என் அம்மாவின் நெற்றியில் எழுதியிருந்ததாக வாசித்துவிட்டேன்.

ஆல்புமின்

இதோடு கதை முடிந்திருந்தால் எண்களை நம்பாதீர்கள் என்று எழுதிவிட்டு எழுந்திருப்பேன். ஆனால் இதற்கு அப்புறம் நான் செய்ததும் தப்புதான், நேர் எதிர்த் திசையில்.

ஷீட்டை மூடிவிட்டேன். ரிப்போர்ட் வந்தால் கீமோ போடலாமா என்று மட்டும் கேட்பேன். கார்த்திகை வாக்கில் சிஇஏ ஏற ஆரம்பித்தது. முதலில் 38ல் இருந்தது, நான்கு கீமோவில் 6க்கு இறங்கியிருந்தது, இப்போது 9, அப்புறம் 17. 1965இல் மாண்ட்ரியலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃபிரீட்மனும் குடல் புற்றுநோயில் கண்டெடுத்த புரதம் அது. நுரையீரல் அடினோகார்சினோமாவிலும் பலருக்குக் கூடும். புகை பிடிப்பவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும்கூடக் கொஞ்சம் கூடும், மருந்து வேலை செய்யத் தொடங்கும்போதே தற்காலிகமாக எகிறுவதும் உண்டு. இந்த விதிவிலக்குகள் எல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம். ஒவ்வொன்றையும் டாக்டரிடம் எடுத்து வைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சிஇஏவை விடுங்க. ஆல்புமினைப் பாருங்க" என்றார்.

3.8ல் இருந்தது 3.3, பிறகு 2.9. சிஆர்பி கூடவே ஏறிக்கொண்டிருந்தது. நான் முட்டை, புரதப் பவுடர் என்று பேச ஆரம்பித்தேன். சாப்பாட்டால் மட்டும் இறங்குவதில்லை என்றார். உடம்பு முழுக்க அழற்சி இருக்கும்போது கல்லீரல் தன் வேலைப் பட்டியலையே மாற்றிக்கொள்கிறது, சிஆர்பி போன்றவற்றை அதிகம் செய்கிறது, ஆல்புமினைக் குறைக்கிறது, இருக்கிற ஆல்புமினும் ரத்தக் குழாயை விட்டுக் கசிகிறது. இந்த இரண்டையும் சேர்த்து 2003இல் கிளாஸ்கோவில் ஒரு அளவுகோல் செய்தார்கள், அதுவும் அறுவை சிகிச்சை செய்ய முடியாத நுரையீரல் புற்றுநோய்க்காரர்களை வைத்துத்தான். சிஆர்பி லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல், ஆல்புமின் 3.5க்குக் கீழ். ஆனால் அவர் அன்றைக்கு எந்த அளவுகோலையும் சொல்லவில்லை. "மூணு தடவையா ஒரே பக்கம் போகுது. அம்மா உள்ள வரும்போது நடையைப் பாத்தேன். ரெண்டும் ஒண்ணையே சொல்லுது. அவங்களுக்கு என்ன வேணும்னு நீங்க இப்பக் கேட்டுடறது நல்லது" என்றார். வலி, மூச்சு இதையெல்லாம் மட்டும் பார்த்துக்கொள்கிற டாக்டர் ஒருவரின் எண்ணையும் எழுதிக் கொடுத்தார்.

நான் கேட்கவில்லை. ஒரு தடவை ஏமாந்தவள், இந்த எண்ணும் ஏமாற்றுகிறது என்றே நினைத்தேன். வேறு லேபில் எடுத்துப் பார்த்தேன், 2.8. டோசிடாக்ஸெல் என்ற வேறு கீமோ மருந்தை இரண்டு முறை போட்டோம். அந்தச் சீட்டு என் பையிலேயே ஐந்து வாரம் கிடந்தது. பாஸ்டனில் 2010இல் 151 நுரையீரல் புற்றுநோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வை நான் படித்தது எல்லாம் முடிந்த பிறகுதான். ஆரம்பத்திலிருந்தே வலி, மனம், குடும்பம் இவற்றைக் கவனிக்கும் மருத்துவர்களையும் சேர்த்துக்கொண்டவர்கள் நிம்மதியாக இருந்தார்கள், கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சை குறைவாக எடுத்தார்கள், அப்படியும் இடைநிலை ஆயுள் 8.9க்குப் பதில் 11.6 மாதமாக இருந்தது. என் பையில் இருந்தது அந்தச் சீட்டுதான்.

ஞாயிற்றுக்கிழமை எகிறிய எண்ணுக்கும் மூன்று முறை தொடர்ந்து இறங்கிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கணக்குக்காரிக்குத் தெரியாமல் போனதை நினைத்தால்தான் தாங்கவில்லை. தினமும் பார்க்கிற விஷயம். ஒரு மாதம் துண்டு விழுந்தால் ரசீது எங்கே என்று தேடுவோம், மூன்று மாதம் சேர்ந்தாற்போல் விழுந்தால் முதலாளியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவோம். முதல் தடவை நான் ரசீதைத் தேடவில்லை. இரண்டாம் தடவை உட்காரவைத்துப் பேசவில்லை.

கடைசியில் பேச்சை ஆரம்பித்தது அம்மாதான். தை மாதம், ஒரு மத்தியானம், நான் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். "பாப்பா, ரத்தத்துல என்ன எழுதியிருக்கு?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "எனக்குத் தெரியும். ஆடி மாசமே நீ மொகத்துல வெச்சிருந்தே. நான்தான் கேக்கல" என்றாள். ஆடியில் நான் பார்த்தது தப்பு அம்மா, நீ நன்றாக இருந்தாய், உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்று அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். தொண்டை வரை வந்தது, சொல்லவில்லை. ஆல்புமினைப் பற்றி மட்டும் சொன்னேன். என்ன வேண்டும் என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டாம், மூச்சுக்கு ஏதாவது செய்யச் சொல், தம்பியை லீவு போட்டு வரச் சொல், என்று மூன்றைச் சொன்னாள். அன்று சாயங்காலமே அந்தச் சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன்.

அடுத்த சனிக்கிழமை, ஏற்கெனவே சொல்லிவைத்திருந்ததை நான் மறந்துவிட்டதால், ரத்தம் எடுக்கிற அதே தம்பி ஸ்கூட்டரில் வந்து நின்றான். பெட்டியைத் திறந்து, ரப்பர் பட்டையை எடுத்து, அம்மாவின் கையைத் தடவி நரம்பு தேடினான். அம்மா மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டாள். "இன்னிக்கு வேணாம்ப்பா. சாப்ட்டியா?" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். இட்லி இருந்தது, தட்டில் வைத்துக் கொடுத்தேன். அவன் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டான். இன்னும் எத்தனை வீட்டுக்குப் போக வேண்டும் என்று அம்மா கேட்க, அவன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.